சத்தம் போடும் விசிறி

அத்தான் நகரத்து வீட்டை விற்றதற்கு ஒரே காரணம், அங்கே அவர் பேசுவது யார் காதிலும் விழாததுதான்.

முப்பது வருடம் நெசவு ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். நாற்பது தறி ஓடும் கூடத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் கூப்பிட்டால், அந்தக் கோடியில் இருப்பவன் கையில் டீ சிந்தும். வீட்டிலும் அதே தொண்டைதான். என் அக்கா திரும்பக் கொஞ்சம் தாமதித்தால், "காதுல என்ன பஞ்சா?" என்பார். ஒருநாள் அவள் சாப்பாடு கொண்டுபோனபோது தறிகளை நிறுத்தச் சொல்லி, கூடமே கேட்க அதைச் சொன்னாராம். அக்கா என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அங்கே வேலை பார்த்த ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

பிறகு அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால் கரகரவென்று கொஞ்சம் காற்று வார்த்தையாக வரும். பஸ் ஓடும் தெருவில் அந்த வார்த்தை கட்டிலைத் தாண்டாது.

இந்தக் கிராமத்து வீட்டைக் காட்டிய தரகர், "இந்த மாவட்டத்துலயே மொத்தம் ரெண்டு டிராபிக் சிக்னல் சார், அதுல ஒண்ணு ரிப்பேர். ஊசி விழுந்தா பக்கத்து வீட்டுக்காரர் யாரோடதுன்னு வந்து கேப்பார்" என்றார். அத்தான் படுக்கையறையில் போய் உட்கார்ந்து, குழாயை அடைத்து, "தண்ணி" என்றார். மூன்று அறை தள்ளி, சமையலறையில் நின்ற அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுமாதமே குடிவந்துவிட்டோம்.

நான் ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டவன். பன்னிரண்டு வருடம் பகலில் தூங்க முயன்று தோற்றவனுக்கு இந்த இடம் வரம். ஜன்னலுக்கு வெளியே வயல், ஒரு மரம், ஒரு வேலையும் இல்லாத மாடுகள். முதல் வாரம் பிணம் மாதிரி தூங்கினேன். இரண்டாவது வாரத்திலிருந்து அத்தான் விடவில்லை.

"மாப்ளே... ஜன்னல்."

"ஏய்... உப்பு பத்தல."

"மாப்ளே... செத்துட்டியா?"

ஊரே வாயை மூடிக்கொண்டு அவருக்கு வழிவிட்டிருந்தது.

"கத்தினப்ப கூட இவ்வளவு தெளிவா கேட்டதில்லடா" என்றாள் அக்கா.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், குழாயைத் துடைத்தபடி சொன்னார். "உள்ள சளி அடைச்சா விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். கேட்ட உடனே ஓடிவந்து உள்குழாயைக் கழட்டிடணும். கை நடுங்குறதால அவரால முடியாது. டவுனா இருந்தா பயந்திருப்பேன். இங்க எங்க நின்னாலும் கேட்டுடும்."

"கழட்டலேன்னா எவ்வளவு நேரம் தாங்கும்?" அக்கா கேட்டாள்.

"நாலஞ்சு நிமிஷம்."

அக்கா தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தான். அடுப்புக்கு மேலே சுவரில் புகை வெளியேற்றும் விசிறி மாட்ட வேண்டுமாம்.

"சத்தமே வராத மாடல் இருக்குக்கா. இது லாரி மாதிரி கத்தும்."

"கத்தட்டும். இதையே மாட்டுங்க."

"வீட்டுக்காரர் முடியாம படுத்திருக்கார்னு சொன்னீங்களே?"

"மில்லுல இருந்தவரு. சத்தம் அவருக்குப் பழக்கம்."

அன்றிலிருந்து அத்தானின் வார்த்தைகள் சமையலறைக்கு வரும் நடையோடு நின்றன. அக்கா விசிறியை அணைத்துவிட்டு சாவகாசமாகப் போய் நிற்பாள்.

"கூப்பிட்டீங்களா?"

"பத்து... தடவை."

"காதுல விழல. அடுப்பு வேலை."

ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே... அந்த விசிறிய நீ கழட்டிடு. பயமா இருக்கு." அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்றேன். கழற்றவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எழுந்து டீக்காகச் சமையலறைக்குப் போனேன். விசிறி கத்திக்கொண்டிருந்தது. அத்தான் அறையைத் தாண்டும்போது ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் மெல்லிசாக விசில் கேட்டது. விட்டு விட்டு வந்தது.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தானுக்கு விசில் வருது" என்றேன்.

"என்னடா? கேக்கல."

இன்னொரு முறை சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

"டீ பிளாஸ்க்ல இருக்கு. உக்காரு."

அடுப்பைப் பார்த்தேன். பற்றவைக்கவே இல்லை. மேலே பாத்திரம்கூட இல்லை.

உட்கார்ந்தேன். டீ சூடாக இருந்தது. கட்டில் அடிபடுவது தரை வழியாகக் காலில் தெரிந்தது. அரை டம்ளர் குடிக்கும்வரை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அக்கா மிச்சப் பீன்ஸையும் நறுக்கினாள். ஒரே அளவாக நறுக்கினாள்.

கையைக் கழுவிவிட்டு விசிறியை அணைத்தாள். வெளியே ஒரு மாடு புல் பிடுங்குவது கேட்டது. அவள் நடைப் பக்கம் காதைத் திருப்பி, யாராவது "தண்ணி" என்று சொல்லி முடிக்கும் நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ரெண்டு பேருக்கு இது ஜாஸ்திடா" என்று ஒரு பிடி பீன்ஸை அள்ளி எடுத்து வைத்தாள்.