கறுப்புக் கரை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணவர் சீனி சொல்லிவிடுவார். என் அக்கா புனிதாவோடு நான் நாலு வருஷம் பேசாமல் இருந்ததற்கும் அந்தக் கோபம்தான் காரணம்.

நடந்தது இவ்வளவுதான். அக்காவும் கனகராஜ் மாமாவும் பாகான் செராயில் புது வீடு கட்டினார்கள். குடிபுகும் விழாவுக்கு அழைப்பு வந்தது, வாட்சாப்பில். அறுபத்திரண்டு பேர் இருக்கிற குடும்பக் குழுவில், யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்கும் யாரோ விற்கிற முறுக்குக்கும் நடுவில் வந்து விழுந்தது. கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒரு வெற்றிலை பாக்கு கிடையாது, தனியாக ஒரு வார்த்தை கிடையாது. நான் போகவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி வரல?"

"கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு? அறுபது பேருல நானும் ஒருத்திதானே ஒனக்கு!"

சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு அவள் நம்பரை பிளாக் செய்தேன். ஒரு வாரத்தில் கோபம் ஆறிப்போனது. வீம்பு ஆறவில்லை. கோபத்துக்காவது சோறு தண்ணீர் வேண்டும். வீம்பு பட்டினி கிடந்தே வளரும்.

இந்த நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல துணை ஒரு பிஸ்கட் டின். நாங்கள் குடியிருக்கும் ஈப்போவில், பழைய டவுன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சீனக் கிழவர் விற்றார். உள்ளே மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் முத்திரைகள், முப்பத்தெட்டு. இங்கே நாங்கள் அதைச் சாப்பு என்போம். ஏதோ அச்சகத்தை மூடியபோது வந்தவையாம். மயில், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், செம்பருத்தி, கிளை வளைந்த ஒரு மல்லிகைக் கொடி. ரப்பர் சிலதில் இறுகிக் கிடந்தது. பல் துலக்கும் பிரஷால் பழைய மையைச் சுரண்டி, மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மறுபடி மை பிடிக்கும்.

பகலெல்லாம் கிளினிக் கவுண்டரில் மருத்துவ விடுப்புச் சீட்டில் சாப்பு அடிப்பவள், வீட்டுக்கு வந்தும் சாப்பு அடிக்கிறாளே என்று சீனி கேலி செய்வார். இரண்டும் ஒன்றா? கவுண்டரில் அடிப்பது அடி. இது வைப்பது. தாளுக்கு அடியில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு, கட்டையை நேராக வைத்து, அசைக்காமல் ஐந்து எண்ணி, நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் ஆட்டினாலும் கட்டையின் விளிம்பு தாளில் கோடு போட்டுவிடும். கோபக்காரிக்கு நல்ல வைத்தியம். அப்படிச் செய்த வாழ்த்து அட்டைகளை கிளினிக்கில் வேலை செய்கிறவர்களுக்கு, கோயிலில் பழகியவர்களுக்கு, சீனி ஓட்டுகிற பள்ளிப் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு என்று எல்லோருக்கும் கொடுத்தேன். அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

போன மாதம் சொந்தக்கார அண்ணி ஒருத்தர் கிளினிக்குக்கு மருந்து வாங்க வந்தார். "ஷாமினிக்கு ஏழாம் மாசம் தொடங்கப் போவுது. வளைகாப்பு வெக்கிறாங்க. நீதானே சித்தி, வருவீயா?" என்று கேட்டார். அவ்வளவு பேர் முன்னால் நான் கணினியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். ஷாமினி அக்காவின் ஒரே மகள். அவளுக்கு மூன்று வயது வரை நான்தான் குளிப்பாட்டி விட்டேன். அவள் கையில் நான் வளையல் போடாமல் வேறு யார் யாரோ போடப் போகிறார்கள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எப்படியாவது அதற்குள் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் எப்படி? போன் செய்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். வாட்சாப்பில் அனுப்பினால், எதைக் குறை சொல்லி முகத்தைத் திருப்பினேனோ அதையே நானும் செய்ததாக ஆகும். கையால் செய்த வாழ்த்து ஒன்றைத் தபாலில் போடுவது என்று முடிவு செய்தேன். அதில் மரியாதையும் இருக்கும், என் வீம்புக்கும் பெரிதாக அடிபடாது.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். தந்த நிற அட்டை. நடுவில் மல்லிகைக் கொடி, நான்கு மூலையிலும் மாவிலை. உள்ளே என் கையெழுத்தில், "ஷாமினிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சித்தியின் ஆசீர்வாதம். அக்கா, என்னையும் கூப்பிடு." அந்த இரண்டாவது வரியை எழுத மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கடைசியில் ஓரம் மட்டும் பாக்கி. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாப்புக்கு மை தொடும் பேடை எடுத்துத் தாளின் விளிம்பில் லேசாக இழுத்துவிடுவாள். அட்டைக்குச் சட்டம் போட்டது போல அத்தனை அழகாக இருக்கும். என்னிடம் இருந்த பிரவுன் மை காய்ந்துவிட்டது. கறுப்பு மட்டும்தான் இருந்தது. அட்டைக்கு இழுத்தேன், எடுப்பாக இருந்தது. உறைக்கும் இழுத்தேன், இன்னும் எடுப்பாக இருந்தது. அந்த அண்ணியிடம் கேட்டு வாங்கிய முகவரியை எழுதி, திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. அதே மாதிரி இன்னும் இரண்டு உறை செய்து மேசையில் காய வைத்திருந்தேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி, பஸ்ஸை நிறுத்திவிட்டு எட்டு மணிக்குச் சீனி உள்ளே வந்தார். தேத்தண்ணியை எடுக்க வந்தவர் உறையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"யாருக்குக் கருமாதி?"

"என்ன?"

"கறுப்புக் கரை போட்டிருக்கியே, யாரு செத்தது?"

நான் உறையைக் கையில் எடுத்தேன். எஸ்டேட் தோட்டத்தில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, ஓரத்தில் கறுப்பு அடித்த கடுதாசி வந்தால் அப்பா அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டார். வெளியில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வருவார். மங்கள காரியம் என்றால் மஞ்சள், சாவு என்றால் கறுப்பு. இது தெரியாத தமிழர் உண்டா? எனக்கும் தெரியும். மூன்று நாள் அந்த அட்டையை அழகு பார்த்தவளுக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

"அக்காவுக்கு அனுப்பிட்டேன்," என்றேன். "வளைகாப்புக்கு."

சீனி சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டார். "போன் போட்டுச் சொல்லிரு லா."

"நாலு வருஷம் கழிச்சு மொத வார்த்தையா என்னன்னு சொல்றது? யாரும் சாகலன்னா?"

அக்கா ஊரில் தபால்காரர் பத்து மணிக்கு மேல்தான் வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் கேட்டுக்கு வெளியே போய் நின்றால், கடுதாசியைக் கையில் வாங்கிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம். இது நடக்கிற காரியமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கார் சாவியை எடுத்தேன். "ஒங்க போனை சார்ஜில போடுங்க, மறுபடி செத்துக் கிடக்குது," என்று சீனியிடம் கத்திவிட்டுக் கிளம்பினேன்.

நெடுஞ்சாலையில் நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை. புக்கிட் மேரா டோலில் இறங்கி, வயல் ஓரமாகப் போகிற சாலையில் ஒவ்வொரு தபால் மோட்டார் சைக்கிளையும் முறைத்துக்கொண்டு போனேன். அண்ணி அனுப்பியிருந்த முகவரியை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வெளிர் பச்சைச் சுவர், வாசலில் மருதாணிச் செடி. கேட் பூட்டியிருந்தது. கார் இல்லை. தபால் பெட்டியின் வாயில் என் உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கவில்லை. பிழைத்தேன் என்று அதை உருவிக் கைப்பையில் வைத்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரு நீங்க?"

"புனிதாவோட தங்கச்சி. ஈப்போவுல இருந்து வாரேன்."

அவர் முகம் மாறியது. அவசர அவசரமாக வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நீங்களா அது? ஒங்க அக்கா எட்டு மணிக்கே அழுதுக்கிட்டே ஒங்க வீட்டுக்குக் கெளம்பிப் போனாங்க. மனசத் தேத்திக்குங்க. என்னா வயசு அவருக்கு?" சொல்லிக்கொண்டே வந்தவர் என் நெற்றியைப் பார்த்து நிறுத்தினார். "பொட்டு வெச்சிருக்கீங்களே?"

"என் வீட்டுக்காரரு நல்லா இருக்காருக்கா. தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காரு."

முத்தம்மா அக்காவுக்கு, அதுதான் அவர் பெயர், நடந்ததைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடுதாசி முந்தின நாள் சாயங்காலமே பெட்டிக்கு வந்துவிட்டதாம். காலையில் ஷாமினி வேலைக்குப் போன பிறகுதான் அக்கா பார்த்திருக்கிறாள். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கேட்டுவிட்டு முத்தம்மா அக்கா தலையை ஆட்டினார். "தானாடாட்டாலும் தசையாடும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார்.

அப்போது என் போன் அடித்தது. சீனி.

"சரளா, ஒங்க அக்காவும் சகலையும் வந்திருக்காங்க." அவர் குரல் ரொம்பவும் அடங்கியிருந்தது. "மாலை வாங்கிட்டு வந்திருக்காங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். படத்துக்குப் போட. நான் லுங்கியோட போயி கேட்டத் தொறந்தேன். பார்த்துட்டு ஒரு அலறல். எதிர் வீட்டு சீனத்தி எல்லாம் வெளிய வந்துட்டாங்க. இப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. விடவே மாட்டேங்கிறாங்க. பேசு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரளா."

அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. "அக்கா, அது வளைகாப்புக்கு அனுப்பின வாழ்த்து. கரை போட்டா அழகா இருக்கும்னு…"

"அழகா இருக்கும்னு! அறிவு இருக்காடி ஒனக்கு? மாசமா இருக்கிற புள்ள உள்ள வீடு. நான் கேட்டத் தாண்டி அத உள்ள கொண்டு போவேனா? ஒங்க மாமா பிரிச்சுப் பாருன்னாரு, நான் விடல. ஒன் கையெழுத்து, கறுப்புக் கரை. அப்ப சீனித் தம்பிதான்னு நெனச்சேன். அவரு போனும் அடிக்கல. எல்லாம் முடிச்சுட்டுப் பதினாறாம் நாளுக்குக் கடுதாசி போட்டிருக்கா, சாவைக்கூட எனக்குச் சொல்லலன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சுமா வந்த?"

"பின்ன வராம? நல்லதுக்குத்தான் கூப்பிடணும். கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் லா." அவள் மறுபடி அழத் தொடங்கினாள். "கெளம்பறதுக்கு முன்ன ஒனக்கும் அடிச்சேன்டி. போகல."

"ஒன் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருந்தேன்க்கா."

"தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அடிச்சுப் பார்ப்பேன். இந்த வருஷமாச்சும் எடுத்துவிட்டிருப்பியான்னு."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். நாலு தீபாவளி. நாலு தடவையும் நான் ஈப்போவில் போனை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட அவளுக்கு மனம் வரவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தேன். பிளாக் செய்தவளே நான்தான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. என்னைப் போல ஒரு மடச்சி இந்தப் பேராக் மாநிலத்திலேயே இருக்க மாட்டாள். நடுத்தெருவில் நின்று அழுதேன். முத்தம்மா அக்கா நிஜமான விதவையைத் தேற்றுவது போல முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"இப்ப எங்க நிக்கிற?" என்று அக்கா கேட்டாள்.

"ஒன் வீட்டு கேட்டுக்கு வெளிய."

"வெயில்ல ஏன் நிக்கிற? முத்தம்மாகிட்ட சாவி இருக்கு. தொறந்து உள்ள போ."

"நீ வாக்கா. வந்ததும் போறேன்."

"நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும். ஒன் வீட்டுக்காரரு எனக்குத் தேத்தண்ணி போடுறாரு. என்னா, ஒனக்கு வெத்தல பாக்கு வெக்கணுமா?" பிறகு குரல் தணிந்து வந்தது. "சரி, கூப்பிடுறேன். இப்பவும் போன்லதான் கூப்பிடுறேன், மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத. சரளா, அக்கா வீடு கட்டியிருக்கேன். வாடி."

முத்தம்மா அக்கா பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் முகத்தைத் துடைத்தேன், செருப்பைக் கழற்றினேன், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.