முதல் பின்னங்கால்

தன் அப்பா செத்ததைப் போலத் தானும் சாக வேண்டும் என்று ஆசைப்படாத ஆண்பிள்ளை ட்வெய்ட் குடும்பத்தில் கிடையாது. என் மாமனார் எழுபத்தொரு வயதில் ஒரு எல்க் மானைச் சுட்டு, அதன் பின்னங்காலை முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கினார். பாதி வழியில் ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுமையைக்கூட அவிழ்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்த ஆண்கள் எல்லோரும் கொடுத்துவைத்த சாவு என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். என் மாமியார் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே, "குடுத்து வெச்சது யாருக்காம்?" என்று கேட்டார்.

எல்க் என்றால் புள்ளிமான் அளவுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். குதிரை உயரம், எழுநூறு பவுண்டு எடை. விழுந்த இடத்திலேயே துண்டு போட்டு, ஆளுக்கொன்றாக முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். அதில் பின்னங்கால் ஒன்றே எண்பது பவுண்டு வரும். எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் சுட்டாரோ அவர்தான் முதல் பின்னங்காலைச் சுமக்க வேண்டும். எவன் போட்ட சட்டமோ, அவன் நாசமாய்ப் போக.

போன ஏப்ரலில் என் கணவன் ஓரினுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். "எங்கப்பா குடுத்து வெச்சவரு, மார்லிஸ்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்கு என் தோளில் ஏறி உட்கார்ந்த பயம் ஏழு மாதமாக இறங்கவில்லை.

நவம்பர் பிறந்ததும் தானும் வேட்டைக்கு வருவதாகச் சொல்லித் துப்பாக்கிக்கு எண்ணெய் போட உட்கார்ந்தான். நடக்கலாம், ஆனால் இந்த வருஷம் முழுக்கப் பத்து பவுண்டுக்கு மேல் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டில் சமையல் பார்த்துக்கொண்டு இரு என்றேன்.

"நீ சுட்ட ரொட்டியையே சாப்பிட்டுட்டேன். அதுக்கே சாகல, இதுக்கா சாகப்போறேன்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாகத்தான் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மானைச் சுட்டு, அந்தக் காலைச் சுமந்து, அப்பன் உட்கார்ந்த மாதிரி ஒரு மரத்தடியில் உட்காருவதற்காகவே வருகிறான் என்று நினைத்தேன்.

அதனால் நானும் கிளம்பினேன். விடிகிற நேரத்தில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். ஓரினின் தம்பி டெல்லும் அவன் மகள் பிரிட்டாவும் எங்களுக்கு முன்னாலேயே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டெல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கவலப்படாதீங்க அண்ணி. அண்ணன் குறி எப்பவுமே கொஞ்சம் கோணல்தான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. முன்னூறு கஜத்துல ஒரே தோட்டாவுல சாய்ச்சான்."

"சரி, சாஞ்சா நான் தூக்கறேன்."

"அவன் விடுவானா?"

டெல் காபிக் கோப்பையைக் கவிழ்த்து உதறினான். அவன் பின்னாலேயே வந்து நின்ற பிரிட்டாதான், "பெரியப்பாவ மரத்துல கட்டிப் போட்டுட்டு நாம தூக்கிடலாம் பெரியம்மா. கயிறு என்கிட்ட இருக்கு," என்றாள். அவளுக்கு வயது இருபத்தாறு, தோள் இரண்டும் எருமைத் தோள். சொன்னதைச் செய்யக் கூடியவள்.

அதற்குள் வண்டியின் அந்தப் பக்கம் ஓரின் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தான். இரும்பு ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்தையும் நான் எண்ணினேன்.

டெல்லும் பிரிட்டாவும் வடக்குச் சரிவுக்குப் போனார்கள். நானும் ஓரினும் மேற்கே ஏறினோம். என்னிடம் துப்பாக்கி இல்லை. கரடி வந்தால் அடிக்க இடுப்பில் மிளகாய் ஸ்ப்ரே இருந்தது, மான் வந்தால் இரும நெஞ்சில் ஒரு இருமல் தயாராக இருந்தது. என் திட்டம் அதுதான். அவன் குறி வைக்கும்போது இருமித் தொலைப்பது. பிறகு அவன் ஒரு மாதம் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, பேசாமல் இருக்கவாவது உயிரோடு இருப்பானே.

அரை மைல் ஏறியதும் முள்கம்பி வேலி வந்தது. வேலி தாண்டும்போது துப்பாக்கியின் பூட்டைத் திறந்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் தன் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய புருஷனாக இருந்தாலும் நம்பக் கூடாது. எங்கள் ஊரில் குழந்தைகள் ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வார்கள்.

ஓரின் திறந்து கொடுத்தான். நான் வாங்கிப் பார்த்தேன். குழலில் ஒன்றும் இல்லை, அது சரி, சுடப்போகும்போதுதான் அதில் ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே, தோட்டாக்கள் வரிசையாகப் பளபளக்க வேண்டிய இடத்திலும் ஒன்றும் இல்லை. வெறும் தகடு தெரிந்தது.

அவன் குனிந்து கம்பிகளுக்கு நடுவே நுழைந்துகொண்டிருந்தான். நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இல்லவே இல்லை. மறந்துவிட்டானோ? கல்யாண நாளை மறப்பான், தோட்டாவை மறக்கிற ஜென்மம் இல்லை. அப்படியானால் வண்டிக்குப் பின்னால் நின்று எதற்கு அத்தனை சத்தம்?

"தோட்டா எத்தன போட்டே?" என்று கேட்டேன்.

"நாலு," என்றான், சட்டையில் மாட்டிய முள்ளை எடுத்தபடி. "போதாதா?"

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுட்டால் சுமக்க வேண்டும். சுமக்க முடியாது என்று தம்பியிடமும் தம்பி மகளிடமும் சொல்ல வாய் வராது. அதனால் வெறும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறான். இந்த மனுஷன் சாக வரவில்லை.

"போதும்," என்றேன். துப்பாக்கியை வேலிக்கு மேலாக அவனிடமே நீட்டினேன். ஏழு மாதமாக மூச்சை முழுதாக இழுக்காமல் இருந்திருக்கிறேன் என்று அந்த வேலியோரத்தில்தான் தெரிந்தது.

பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எட்டு மணிக்குப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு ஆண் எல்க் வெளியே வந்தது. பக்கத்துக்கு ஆறு கிளை விரிந்த கொம்பு. நூற்றைம்பது கஜ தூரத்தில் விலாவைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நான் இருமவில்லை.

ஓரின் மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்கி மரத்தில் சாய்த்துக் குறி வைத்தான். வெகு நேரம் பார்த்தான். அந்தக் கழுத்தை, அந்தக் கொம்பை, அது விடும் மூச்சுப் புகையை ஒன்றுவிடாமல் பார்த்தான். பிறகு இறக்கினான்.

"என்னாச்சு?"

"காத்து மாறிடுச்சு. நம்மள மோப்பம் புடிச்சிடுச்சு."

காற்று மாறவே இல்லை. மான் நின்ற பக்கமிருந்து என் மூக்கில்தான் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மோப்பம் பிடித்ததாகச் சொல்லப்பட்ட அந்த மான் தலையைத் தாழ்த்தி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

"ஆமா, மாறிடுச்சு," என்றேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் சொன்ன எந்தப் பொய்க்கும் நான் இத்தனை சந்தோஷமாகத் தலையாட்டியதில்லை.

அவன் காபியை ஊற்றி எனக்குப் பாதி கொடுத்தான். கண்ணால் எதிர்ச்சரிவை அளந்தபடி, "நாம ஏறுன பக்கம் தப்பு," என்றான். "அந்த ஓடை வழியா வந்திருந்தா இன்னும் கிட்டக்க வந்திருக்கலாம். அடுத்த வருஷம் அப்படி வரலாம்."

ஏப்ரலிலிருந்து அவன் வாயில் அடுத்த வாரம் என்ற பேச்சுக்கூட வந்ததில்லை. எனக்குக் கண் மறைத்தது. காபி கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"எப்ப வரலாம்?"

"அடுத்த வருஷம்னு சொன்னேன்ல."

"காதுல விழல. இன்னொரு வாட்டி சொல்லு."

"கெழவி, காதும் போயிடுச்சா உனக்கு?" என்று எரிந்து விழுந்தான். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அடுத்த வருஷம்," என்று பள்ளத்தாக்கே கேட்கும்படி கத்தினான்.

மான் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. பிறகு ஓடியே போய்விட்டது.