பத்து நிமிட வேலைக்கு நான்கு பேர்

வந்திருந்தவர்கள்: அப்பா வெங்கடரமணன், அம்மா சூடாமணி, அம்மாவின் தம்பி கல்யாணராமன், நான். ஒருவர் மட்டும் நுழையக்கூடிய அறைக்காக மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஒரே ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்தோம்.

எனக்கு விரைப் புற்றுநோய். இடது விரையை எடுத்தாயிற்று. திங்கட்கிழமை கீமோ. அதன்பிறகு மிச்சமிருப்பது வேலை செய்யுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இன்று சனி. பன்னிரண்டுக்கு லேபை மூடுமுன் விந்தைக் கொடுத்து உறைய வைத்தால்தான் பிற்பாடு குழந்தைக்கு வழி உண்டு.

எல்.கே.ஜி.யிலிருந்து என் விண்ணப்பங்களை நிரப்புவது அப்பாதான். கால் சென்டர் இரவு வேலையை நான் உதறியபோது ராஜினாமாக் கடிதத்தைக்கூட அவர்தான் திருத்தினார். லேப் படிவத்தையும் அவரே வாங்கி நிரப்பிவிட்டார். என் பெயருக்குப் பக்கத்தில், அர்ச்சனைச் சீட்டில் எழுதுவதுபோல, கோத்திரமும் நட்சத்திரமும். அது போகட்டும். கடைசிக் கேள்வி, நான் இறந்தால் இதை என்ன செய்வது என்பது. ‘அழித்துவிடவும்’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு, ‘கீழ்க்கண்டவரிடம் தரவும்’ என்பதில் டிக் அடித்துத் தன் பெயரை எழுதியிருந்தார்.

படித்தேன். கிழித்தேன்.

கோத்திரத்தையும் சேர்த்துக் கிழித்துவிட்டான் என்றார் மாமா. பிறகு வம்சம், வாடகைத்தாய் என்று தொடங்கினார். அம்மா கைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். நான் எந்த அறைக்குள் போகிறேன் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, உள்ளேயே வைத்துவிட்டாள்.

“நீ இல்லேன்னாலும் எங்களுக்குன்னு ஒண்ணு வேண்டாமாடா?” என்றார் அப்பா.

“நான் போயிடுவேன்னு முடிவே பண்ணிண்டாச்சா? இது எனக்குப்பா. நான் இருந்து, நானே வளர்க்கறதுக்கு. நான் இல்லேன்னா சாக்கடைல கொட்டட்டும்.”

லேப் ஊழியர் ஹபீபுர் ரஹ்மான் புதுப் படிவத்தையும் மூடி போட்ட டப்பாவையும் நீட்டினார்.

“பதினொன்னு நாப்பது ஆயிடுச்சு ப்ரோ. சண்டைய அப்புறம் போட்டுக்கங்க.”

என் கோணல் கையெழுத்தில் நானே நிரப்பினேன். ‘அழித்துவிடவும்’ கட்டத்தில் பேனா அழுந்தித் தாள் ஓட்டையானது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“தேதி போடலை,” என்றார்.

போட்டேன்.

மூவரும் எழுந்து அறை வாசல்வரை என் பின்னாலேயே வந்தார்கள். போய் உட்காரச் சொன்னேன். யாரும் நகரவில்லை. டப்பாவோடு உள்ளே போய், அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.