ஐந்தாவது சிப்பி

வயதான பிறகு எவராவது வேகமாக வளர்வார்களா? அந்தக் கிராஃபைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அது யார் போட்ட ஓட்டை என்பது ஞாபகம் வந்தது.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துச் சிப்பி ஓட்டில் ஓட்டை போடுவது என் வேலை. இருபத்துநான்கு வருஷமாக இதேதான். "அதுக்குன்னு ஒரு ஆளா?" என்று கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரே கேட்டார். பஸ் ஓட்டுகிற மனுஷருக்கு எதைச் சொல்லிப் புரிய வைப்பது? சிப்பி வளர வளர வருஷத்துக்கு ஒரு வரியைத் தன் ஓட்டில் போட்டுக்கொண்டே போகும். அந்த வரி உண்டானபோது கடல் குளிர்ந்து கிடந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்பதும் அதிலேயே பதிந்துவிடும். ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று தினுசு உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமானது ஒரு துளி கூடுதலாகச் சேரும். நான் வரிசையாகத் துளைத்து, ஒரு சிட்டிகைகூடத் தேறாத பொடியைக் குப்பியில் போட்டு, நம்பர் எழுதிக் கொடுப்பேன். பக்கத்துக் கட்டடத்து மெஷின் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். அதை வரிசையாக வைத்து வரைந்தால் கோடைக்கு ஒரு மேடு, குளிர்காலத்துக்கு ஒரு பள்ளம் என்று அலையலையாக வரும். ஆறாயிரம் வருஷத்துக்கு முந்தைய கடலின் சூடு இப்படித்தான் தெரிகிறது. ஓட்டை வரிசை சரியாக இருந்தால்.

எனக்குப் பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. இங்கே ஆய்வு முடித்துப் போனவர்கள் பதினொரு பேர். பதினொரு ஆய்வேட்டிலும் நன்றிப் பக்கத்தில் நான் இருக்கிறேன். ஒருத்தர் "தவறாத கை" என்றே எழுதிவிட்டுப் போனார். வெட்கமில்லாமல் அதை நான்கு நாள் வீட்டில் பீற்றிக்கொண்டேன். கழுத்து என்றைக்கோ போய்விட்டது, கண் போய்க்கொண்டிருக்கிறது. என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

பன்னிரண்டாவதாக வந்தவள் டாக்டரம்மா. இன்னும் டாக்டர் ஆகவில்லை. சேர்ந்த வருஷம் கேலிக்காக நாங்கள் வைத்த பேர் அது. ஏழு வருஷமாகியும் பட்டம் வராததால் இப்போது யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. இடையில் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அதற்கும் நான்கு வயதாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசிக் கெடுவையும் இரண்டு முறை தள்ளி வாங்கியாகிவிட்டது.

அவளுடையது ஐந்து சிப்பிகள். கால்வாய் தோண்டும்போது ஒரே சேற்று அடுக்கில் கிடைத்தவை, வாய் மூடியபடி ஒரே நேரத்தில் புதைந்து செத்தவை. நான்கு சிப்பிகள் ஒரே குரலில், தாங்கள் வாழ்ந்த காலத்தில் கடல் மெல்ல மெல்லச் சூடேறியது என்றன. ஐந்தாவது மட்டும் குளிர்ந்துகொண்டே போனது என்றது. அது கால்வாயின் மறுமுனையில் கிடைத்தது. அதனால், அந்தப் பக்கம் மட்டும் அடியில் ஒரு குளிர்ந்த நீரோட்டம் வந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த நீரோட்டத்துக்கு ஆழம், திசை, மாசம் எல்லாம் கண்டுபிடித்து எழுதினாள். நான்காவது அத்தியாயம் முழுக்க அதுதான். மற்ற அத்தியாயங்களில் புதிதாக ஒன்றுமில்லை என்று அவளுக்கு வழிகாட்டும் சாரே சொல்லியிருந்தார். பட்டம் கிடைத்தால் அந்த நீரோட்டத்தால்தான் கிடைக்கும்.

அன்று காலை என்னிடம் பின்னிணைப்பைக் கொடுத்து, "அக்கா, ஓட்டை நம்பரெல்லாம் உங்க நோட்டோட ஒத்துப் போகுதான்னு மட்டும் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடினாள். அத்தியாயத்தில் எல்லாரும் பார்த்தது வருஷ சராசரியைத்தான். ஓட்டைக்கு ஓட்டை வரைந்த முழு கிராஃப் கடைசிப் பின்னிணைப்பில் கிடந்தது. அதை நான் பார்ப்பதும் அதுவே முதல் தடவை. சின்ன வயதில் சிப்பி கிடுகிடுவென்று வளரும், அலைகள் அகலமாக வரும். வயதாக ஆக நெருங்கிக்கொண்டே போகும். நான்கு சிப்பியும் அப்படித்தான். ஐந்தாவதில் நெருக்கமாக ஆரம்பித்துக் கடைசியில் அகலமாக முடிந்தது. கிழவியாகப் பிறந்து குமரியாகச் செத்திருக்கிறது.

நோட்டை எடுத்தேன். என் கையெழுத்து, என் தேதி. என் வீட்டுக்காரர் முட்டி ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரம் அது. சிப்பியைக் குறுக்கே அறுத்து, தேவையான பட்டையை மட்டும் கண்ணாடியில் ஒட்டுவோம். சிப்பி வளர ஆரம்பித்த மூட்டு எந்தப் பக்கம், கடைசியாக வளர்ந்த விளிம்பு எந்தப் பக்கம் என்று பேனாவால் ஓர் அம்புக்குறி இருக்கும். துளைக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைக்கும்போது அது அழிந்துவிடும், உடனே திரும்பப் போட வேண்டும். துடைத்த கையோடு அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து போட்டிருக்கிறேன். தூக்கமில்லை, கவலை என்று காரணம் சொல்லலாம். பட்டைக்கு அதெல்லாம் தெரியுமா?

எடுத்து வைத்திருந்த மறு பாதியை டிராயரிலிருந்து எடுத்து, துளைத்த பட்டையோடு பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அம்பு தலைகீழ்.

இதைவிட மோசமான இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே கேட்டாள். "அக்கா, இந்த அஞ்சாவது ஒருவேளை திரும்பிப் போயிருக்குமோ?" நான் எரிந்து விழுந்தேன். "நீ பள்ளிக்கூடம் போகும்போதே நான் இங்க ஓட்டை போட்டுட்டிருந்தேன், தெரியுமா? என் கையச் சந்தேகப்படறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்க." பாவம், முகம் சுண்டிப் போய் மன்னிப்புக் கேட்டாள். அதற்கப்புறம்தான் நீரோட்டத்தைத் தேடப் போனாள்.

சொல்லாமல் விட்டால் என்ன? பின்னிணைப்பை யார் படிக்கப் போகிறார்கள்? ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தது எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறது? அவளுக்குப் பட்டம், எனக்குப் பேர். நோட்டை மூடி வைத்துவிட்டு வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அசதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் அக்கடா என்று படுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நாளைக்கு இதைப் படித்துவிட்டு இவளை மாதிரியே இன்னொருத்தி, இல்லாத நீரோட்டத்தைத் தேடி வருஷக்கணக்கில் உட்காருவாளே. அவளுக்கும் நான்தான் வேலை வைத்திருப்பேன். திரும்ப உள்ளே வந்தேன்.

டாக்டரம்மா பதினொரு மணிக்கு வந்தாள்.

"என்னக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு? நம்பர்ல நெறைய தப்பா?"

"உக்காரு. அஞ்சாவத நான் திருப்பித் துளைச்சிருக்கேன்."

"திருப்பின்னா?"

"விளிம்புலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். நம்பர் ஒண்ணுங்கறது அது செத்த வருஷம். கடைசி நம்பர்தான் அதோட சின்ன வயசு."

கிராஃபை வாங்கிப் பார்த்தாள். அகலமான அலைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்ப அது குளிரவே இல்ல."

"இல்ல. மத்த நாலு என்ன சொல்லுதோ அதையேதான் இதுவும் சொல்லுது."

"அப்ப என் நீரோட்டம்?"

கேட்டுவிட்டு அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "படமெல்லாம் போட்டேனேக்கா. எம்பொண்ணு அதுக்கு நீலக் கலர் அடிச்சா." கிராஃபை மேஜையில் வைத்துவிட்டு, "நான் அப்பவே கேட்டேன்ல?" என்றாள்.

"கேட்ட. நான்தான் வாயடைச்சுட்டேன். தப்பு என்னோடது, சார்கிட்டயும் நானே வந்து சொல்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டும் தர்றேன்."

கத்தியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என் பாரமாவது குறைந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள். பிறகு செல்போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டு, "இன்னிக்கு அடிக்க வேணாங்க. இல்ல, எப்பன்னு தெரியல" என்றாள். அடுத்து வீட்டுக்குப் பேசினாள். அந்தப் பக்கம் அவள் கணவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு வருஷம்" என்று மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

"நீங்க சொன்னதுக்கு நன்றிக்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

"மறு பாதி முழுசா இருக்கு. இப்பவே துளைச்சுக் குடுத்துடறேன். ராப்பகலா உக்காந்தாவது இந்த வாரத்துக்குள்ள முடிச்சுடுவேன்" என்று சொல்லிக்கொண்டே நான் மைக்ரோஸ்கோப் விளக்கைப் போட்டுவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மறு பாதி என் கையில் இருந்தது. அதை மெதுவாக, விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இதுக்கு ஓட்டை நானே போட்டுக்கறேன்."

"கழுத்து வலிக்கும்டி."

"பரவால்லக்கா. பழகிக்கறேன்."

எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்து, நாற்காலியின் உயரத்தைத் தனக்குத் தகுந்தபடி இறக்கிக்கொண்டு, விளக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.