துடக்குக்கு முந்திய பனங்கட்டி

புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கும் எங்கள் பனங்கட்டித் தொழிலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. அனுப்பிவைத்தவர் முதலாளி பிரதாபன். என் சித்தப்பாவின் மகன், கனடாவில் இருக்கிறார். யார், எந்த நாள், எந்த அடுப்பில் பனங்கட்டிக்குப் பாணி காய்ச்சுவது என்று இனி அதுதான் அட்டவணை போடுமாம். மேற்பார்வையாளரான நான் அது கேட்பதற்குப் பதில் எழுதினால் போதுமாம். இத்தனை வருடமும் நான் என்னத்தைக் கிழித்தேனோ தெரியாது.

போன வருடம் கோயில் ஓடர் ஏன் தவறியது என்று முதலில் கேட்டது. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்று எழுதினேன். எங்கள் அடுப்படியில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். ஒரு கிழவர் கண்ணை மூடினால் முப்பத்தொரு நாளைக்கு ஒருவரும் கோயிலுக்குப் பொருள் செய்ய முடியாது. நயினாதீவுத் திருவிழாவுக்குப் பனங்கட்டி போகாது. கெட்டிக்காரப் பிள்ளை, உடனே விளங்கிக்கொண்டு, குடும்பத்தில் வயதானவர்களின் சுகத்தை விசாரித்தது. நானும் ஒரு விசரி. படுக்கையில் கிடக்கும் என் அம்மா யோகம்மாவைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினேன். டொக்டர் கைவிட்டுவிட்டார், இந்த மாதம் தாண்டாது.

அடுத்த நாள் அட்டவணை வந்தது. திருவிழா ஓடர் முழுவதையும் உடனே முடிக்க வேண்டும். எல்லோருக்கும் இரட்டை வேலை, ஒருவருக்கும் லீவு இல்லை. அம்மாவோடு இருக்க நான் கேட்டிருந்த லீவும் ரத்து. காரணம் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

பிரதாபனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அம்மா சாகப்போறா எண்டுதானே லீவு கேட்டனான்."

"ஓம் அக்கா, அதாலதான் தர ஏலாமல் கிடக்கு. பெரியம்மா போயிட்டா கோயிலுக்கு ஒண்டும் செய்ய ஏலாதெல்லோ. கணக்கு வடிவாத்தான் போட்டிருக்கு."

"நீர் மனுசனோ?"

"கோவிக்காதேங்கோ அக்கா. அது சொல்லுறதைத்தானே நானும் சொல்லுறன்."

வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கிப் பாணி கொதிக்கிற கிடாரத்துக்குள் போட்டிருப்பேன். போடவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து, யோகம்மா பூரண சுகம் என்று மாற்றி எழுதினேன். எப்படித் திடீரென்று சுகமானது என்று ஒரு கேள்விகூட அது கேட்கவில்லை. இரட்டை வேலை போனது, எனக்கு லீவு வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"வந்திட்டியே பிள்ளை? லீவு தந்தவங்களோ?"

"ஓமம்மா." கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குச் சுகமாம்."