ஐந்து என்று சொன்னது யார்

காலை ஆறு மணி எண்ணிக்கையில் "அஞ்சு" என்று குரல் கொடுத்தவர் ஐந்தாம் எண்காரர் அல்ல. நான்காம் எண்காரர்.

"நாலு" என்று முதலில் தன் சொந்தக் குரலில் சொன்னார். பிறகு ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒரு முறை இருமி, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, "அஞ்சு" என்றார். சந்தேகப்படாமல் ஆறாமவர் "ஆறு" என்றார். ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக வந்தன. "எல்லாரும் இருக்கீங்க. நல்லது, நாளைக்குப் பார்ப்போம்" என்று சிஸ்டர் முடித்தார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் பின்வாசலில், வேனுக்குள் உட்கார்ந்திருந்தார் நான்காம் எண்காரர். முன்னாள் ராணுவ டிரைவர். இப்போது துணி வண்டி டிரைவர். அன்றும் இன்றும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். பின்னால் நாற்பது மூட்டை வெள்ளை விரிப்புகள் சூடு ஆறாமல் கிடந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மட்டும் சில்லிட்டிருந்தது.

இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒன்பது பேர். சிலருக்குக் குடி, சிலருக்கு வலி மாத்திரை, இரண்டும் சேர்ந்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ், எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்: முகாமில் வரிசையாக நின்று எண் சொன்ன மாதிரி, இவர்கள் தினமும் காலையில் ஃபோனில் எண் சொல்லி, ஒருவர் குரலை ஒருவர் கேட்டால், தொடாமல் இருக்கும் நாட்கள் கூடுமா? அதற்கு மூன்று விதிகள் எழுதினார். ஒன்று, ஓர் எண் வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அவர் வாசலில் ஆள் நிற்க வேண்டும். இரண்டு, தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். மூன்று, எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்க வேண்டும். மாத்திரை அதிகமாகி மூச்சு அடங்கினால் மூக்கில் அடிக்கும் மருந்து அதில் இருக்கும்.

அடுத்தவன் எண்ணைச் சொல்லக் கூடாது என்று விதி எழுத அவருக்குத் தோன்றவில்லை. சிஸ்டர் படையில் இருந்தவர் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார். முகாமில் கூட்டாளிக்காகக் குரல் கொடுப்பது குற்றம் இல்லை. கொடுக்காமல் இருந்தால்தான் குற்றம். டிரைவருக்கு மகள் பிறந்தபோது அவர் விடுப்பு இல்லாமல் இரண்டு நாள் நழுவிப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இரண்டு மாலைகளும் வரிசையில் அவர் எண்ணைச் சொன்னது அவர் கூட்டாளி வயர்லெஸ்.

வயர்லெஸ்தான் இந்த ஐந்தாம் எண். படையில் செய்திப் பெட்டியோடு பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர். வீட்டில் சண்டை போட்டாலும் பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். "எல்லாமே ஓவராத்தான் போச்சு" என்பாள் மனைவி. முதுகில் அடிபட்டு மாத்திரைக்குப் பழகி, மாத்திரை போதாமல் குடியிலும் இறங்கியபின், ஒரு நாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஒரு வருஷம், ஒரு நாள் விடாம எண் சொல்லிக் காட்டுங்க. சிஸ்டரோட தாளைப் பார்த்துட்டு வர்றேன்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்.

வியாழக்கிழமை விடியலில் வயர்லெஸ் கூப்பிட்டிருந்தார். "தொண்டை கட்டிக்கிச்சுடா. இன்னிக்கு மட்டும் எனக்கும் சேர்த்துச் சொல்லிடு." டிரைவர் சொன்னார். வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார். அன்று அவர் நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. தூக்கக் கலக்கம் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார், அல்லது நினைத்துக்கொள்ள விரும்பினார். இன்று சனிக்கிழமை, அழைப்பே வரவில்லை. யாரும் கேட்காமலேதான் இன்றைய ஐந்தை டிரைவர் சொன்னார்.

வயர்லெஸின் ஃபோன் எண்ணைப் போட்டார். ஃபோன் அணைந்திருந்தது. மறுபடி போடுவதற்குள் ஃபோன் அடித்தது. வயர்லெஸின் மனைவி.

"அண்ணே, ஒண்ணு கேட்பேன். மறைக்காம சொல்லணும்."

"சொல்லும்மா."

"அஞ்சு சொன்னது யாரு?"

வீட்டார் விரும்பினால் எண்ணிக்கையைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று சிஸ்டர் அனுமதித்திருந்தார். அது டிரைவருக்கு இந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.

"அவர் எப்பவும் ரெண்டு தரம் இருமுவார்ண்ணே. நீங்க ஒரு தரம்தான் இருமினீங்க. வியாழக்கிழமையே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க ஏன் இருந்தீங்க?"

பின்னால் சலவை இயந்திரம் தடதடத்து நின்றது.

"நாளைக்கு ஒரு நாள்தான்னு இருந்துட்டேன்" என்றாள். "பாப்பா பெட்டிகூட அடுக்கிட்டா. அண்ணே, சிஸ்டர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. முதல்ல போய்ப் பாருங்க. நிஜமாவே தொண்டைக்கட்டா இருந்தா, தாள் வீணாப் போயிடும். நான் கிளம்பி வர்றேன், வந்துசேர ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டி வலப்பக்கம் திரும்பியது. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஓட்டுவதுபோல் இருந்தது. தொண்டைக்கட்டுதான், வேறென்ன இருக்கப்போகிறது என்று ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிக்கொண்டார்.

வயர்லெஸின் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கிறவரைப் பார்த்தீங்களா?"

"நேத்து சாயந்திரம் இறங்கி வந்தாருங்க. எனக்குக் காலை வணக்கம்னாரு. சாயந்திரத்துல! பட்டாளத்துக்காரர் விளையாடுறாருன்னு சிரிச்சுட்டேன்."

டிரைவர் இரண்டிரண்டு படியாக ஏறினார். வாசலில் வயர்லெஸின் செருப்புகள். எப்போதும் முனை வெளிப்பக்கம் பார்க்க, அளவெடுத்த மாதிரி சேர்த்து விடுகிற மனிதர். இன்று ஒன்று குப்புறக் கிடந்தது, மற்றது மூன்று படி கீழே.

கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார். "டேய், நான்தான்டா." பதில் இல்லை. காதைக் கதவில் வைத்தார். உள்ளே குறட்டை.

பின்னாலேயே ஏறி வந்திருந்த கடைக்காரருக்கும் அது கேட்டது. "தூங்குறாருங்க. இதுக்குப் போய் இப்படி மூச்சு வாங்குறீங்க!"

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூக்கம்தான். எழுந்ததும் நன்றாகத் திட்டிக்கொள்ளலாம். நாளை ஒரு நாள் எப்படியாவது அவர் வாயாலேயே எண் சொல்லவைத்துவிட்டால் தாள் முழுசு. சிஸ்டருக்குச் சொல்லவே தேவையில்லை.

அடுத்த குறட்டைக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

பயிற்சி நாளில் சிஸ்டர் சொன்னது மண்டையில் வந்து விழுந்தது. 'குறட்டை கேட்டா நிம்மதி ஆகிடாதீங்க. ரெண்டு குறட்டைக்கு நடுவுல எத்தனை எண்ண முடியுதுன்னு பாருங்க.' டிரைவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு. பத்து. பன்னிரண்டில்தான் உள்ளே தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஃபோனை எடுத்தார்.

"சிஸ்டர், நான் நாலு."

"சொல்லுங்க நாலு."

"இன்னிக்கு அஞ்சு சொன்னது நான்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. "எத்தனை நாளா?"

"மூணு."

"எங்க இருக்கீங்க?"

"அவன் வாசல்ல. உள்தாழ்ப்பாள். குறட்டை. நடுவுல பன்னிரண்டு."

"திட்டுறதை அப்புறம் வெச்சுக்கிறேன். கதவை உடைங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு இதே லைன்ல வர்றேன். கூட யாரு?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சைக்கிள் கடைக்காரர்."

"ரெண்டு பேர் ஆச்சு. உடைங்க."

வேனிலிருந்து ஜாக்கி லிவரைக் கொண்டுவந்தார். "வாடகைக் கட்டடம்ங்க, ஓனர் என்னைத்தான் பிடிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரரும் தோளைக் கொடுத்தார். மூன்றாவது நெம்பலில் தாழ்ப்பாள் தெறித்தது.

கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே தரையில் வயர்லெஸ். பக்கத்தில் காலியான மாத்திரை அட்டைகள், கால்வாசி மிச்சமிருந்த பாட்டில். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ஆணியில பை இருக்கும், எடுங்க" என்றது ஃபோன்.

கதவுக்குப் பின்னால் ஆணி இருந்தது, பை இல்லை. இஸ்திரி போட்ட ஒரு புதுச் சட்டைதான் தொங்கியது. டிரைவர் கத்தினார். "இல்லை சிஸ்டர்! பை இல்லை!"

"நல்லாப் பாருங்க!"

கடைக்காரர்தான் சட்டையைத் தூக்கினார். பை அதன் அடியில் இருந்தது. நாளைக்குப் போட வைத்த சட்டையை மனிதர் அதன் மேலேயே மாட்டியிருந்தார்.

"மல்லாக்கப் போடுங்க. தலையைப் பின்னால சாய்ங்க. ஒரு மூக்குல வெச்சு முழுசா அழுத்துங்க. அழுத்தியாச்சா? இப்ப மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோட வாய் வெச்சு மூச்சு கொடுங்க. அஞ்சு எண்ணுறதுக்கு ஒரு தரம். ஊதினதும் நெஞ்சு எழும்புதான்னு பாருங்க. பக்கத்துல இருக்கிறவர் சத்தமா எண்ணட்டும்."

கடைக்காரர் மண்டியிட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணி நிறுத்தினார். ஐந்துக்கு டிரைவர் குனிந்து ஊதினார். நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. மறுபடி நாலு வரை. மறுபடி ஊதினார். சாராய நெடி அடித்தது. மூன்று வருஷமாகத் தள்ளி வைத்திருந்த நெடி அவர் வாய்க்குள்ளேயே வந்தது. முகத்தைத் திருப்பாமல் ஊதினார். கடைக்காரரின் குரல் நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஓர் எண்ணும் தவறவில்லை.

"மூணு நிமிஷம் ஆச்சு. ஏதாவது மாத்தம்?"

"இல்லை சிஸ்டர்."

"பையில இன்னொண்ணு இருக்கும். அடுத்த மூக்குல அடிங்க. நிறுத்தாதீங்க."

அடித்தார். ஊதினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எத்தனை தரம் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட நேரத்தில், அவர் குனிவதற்கு முன்பே அந்த நெஞ்சு தானாக எழுந்தது. ஓர் இழுப்பு. பிறகு இருமல். தொடர்ந்து இன்னோர் இருமல்.

இரண்டு இருமல்.

"எவன்டா அது மேல உட்கார்ந்திருக்கிறது?" என்றது வயர்லெஸின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்.

"நாலுடா" என்றார் டிரைவர். கடைக்காரர் சுவரில் சாய்ந்து, எண்ணிய வாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் மனைவி வந்து நின்றபோது மணி எட்டு. சிஸ்டர் கையில் அந்தத் தாள் இருந்தது.

"பிழைச்சுட்டாரு. ரெண்டு நாள் இங்க இருக்கணும்" என்றார் சிஸ்டர். "தாள்ல மூணு கட்டத்தை அடிச்சிட்டேன். முந்நூத்து அறுபத்தொண்ணோட நிக்குது. மறுபடி ஒண்ணுலேருந்துதான்."

"என் எண்ணையும் எடுத்துடுங்க சிஸ்டர்" என்றார் டிரைவர்.

"எடுக்க மாட்டேன். உங்க மேல கோபம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க, இருக்கு. வியாழக்கிழமை அஞ்சோட இடம் அமைதியா இருந்திருந்தா ஏழு மணிக்கு ரெண்டு பேர் கதவைத் தட்டியிருப்பாங்க. ஆனா நீங்க செஞ்சதையும் ஆராய்ச்சியில எழுதியாகணும். இன்னொரு ஊர்ல இன்னொரு ஒன்பது பேர் எண் சொல்லும்போது, அங்கேயும் ஒரு நாலு இருப்பாரு." மனைவி பக்கம் திரும்பினார். "நாலு எல்லாம் சொல்லிட்டாரு. நீங்க தெரிஞ்சும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருந்ததையும் எழுதுவேன்."

மனைவி தலையை ஆட்டினாள். வார்டுக் கதவின் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கதவு சுத்தமா போச்சா?" என்றாள்.

"தாழ்ப்பாள் போச்சும்மா. சட்டமும் கொஞ்சம்."

"கதவு இல்லாத வீட்டை அப்படியே விட முடியுமா? நான் போய் உட்கார்றேன். வந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தச்சரைக் கூப்பிட வந்திருக்கேன்னு சொல்லுங்க."

ஞாயிறு காலை ஆறு மணி. சலவைக்கூடத்தின் பின்வாசல். வேனுக்குள் டிரைவர்.

"ஒண்ணு" என்றது ஓய்வுபெற்ற ஹவில்தாரின் குரல்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு" என்றார் டிரைவர்.

பிறகு அமைதி. தொண்டை தானாக இருமலுக்குத் தயாரானது. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆறாமவரும் சொல்லவில்லை. எட்டு ஃபோன்களிலும் எட்டுப் பேர் மூச்சு விடுவது கேட்டது.

"அஞ்சு எங்கப்பா?" என்றார் ஹவில்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்கான். உயிரோட இருக்கான்" என்றார் டிரைவர். "மூணு நாளா அவன் எண்ணை நான்தான் சொன்னேன்."

ஏழாமவர் ஏதோ கெட்ட வார்த்தையை முனகி, சிஸ்டர் லைனில் இருப்பது நினைவு வந்து பாதியில் விழுங்கினார். ஹவில்தார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அவனைப் பார்க்க ரெண்டு ரெண்டு பேரா போறோம். முதல் ஜோடி நானும் நாலும். வண்டியை எடுத்துக்கிட்டு வா."

"அது துணி வண்டிங்க."

"துணியோட துணியா உட்கார்ந்துக்கிறேன். உன்னை வழியில திட்டணும், பஸ்ல திட்டினா நாலு பேர் பார்ப்பாங்க. ஆறு, நீ ஏன் இன்னும் நிக்கிறே? சொல்லு."

"ஆறு" என்றது அடுத்த குரல்.