காணாமல் போன இரண்டு ஹைட்ரஜன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை அழவைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். வெக்கை தணியாத துறைமுக நகரமான டூவாலாவில் ஆய்வகங்களுக்குக் கண்ணாடிச் சாமான் விற்கிறவன் நான், பதினெட்டு வருஷமாயிற்று. சோலாஞ் எபொங்கே என்ற ஆராய்ச்சி மாணவி தனக்கு நடந்ததை என் கடையில் நின்று பாதி சொன்னாள். மீதியை நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘பனி படர்ந்த காலையில், விதி அவள் கைப்பைக்குள்…’

(வேண்டாம். கைப்பையில் இருந்தது விதி இல்லை. சுண்டுவிரலைவிட ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாய். நான் விற்றது.)

2

பன்னிரண்டு கிலோ மரப்பட்டையை இடித்து, ஊறவைத்து, எட்டு மாதம் மல்லுக்கட்டி அவள் பிரித்தெடுத்தது நான்கு மில்லிகிராம். இதுவரை யாரும் கண்டிராத பொருள் என்று நம்பினாள். மூலக்கூறின் எடைப்படி அதில் பதினாறு ஹைட்ரஜன் இருக்கவேண்டும். காந்தக் கருவி பதினான்கைத்தான் காட்டியது.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: அந்தக் கருவி ஹைட்ரஜனின் குரலைக் கேட்கும். சாதாரணத் திரவத்தில் கரைத்தால் திரவத்தின் ஹைட்ரஜன்களே கூச்சல் போட்டு மற்றதை அமுக்கிவிடும். அதனால் கன ஹைட்ரஜன் கொண்ட கரைப்பான் வேண்டும். அதன் குரல் அங்கே கேட்காது. சோலாஞ் முதலில் எடுத்தது கன மெத்தனால். அது தன் கன ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, ஆக்ஸிஜனை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும். அந்த இரண்டும் அப்படித்தான் மறைந்தன என்பது அவள் வாதம்.)

பேராசிரியர் எகாம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

“வாயால சொன்னா பத்தாதும்மா. கன டிஎம்எஸ்ஓல கரைச்சு ரெண்டையும் காட்டு. காட்டலைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடு.”

துறையில் மிச்சமிருந்தது ஒரே குப்பி. நான்கு மில்லிகிராமையும் அதிலேயே கரைத்து, குழாயை மூடி, கருவியைத் தேடிக் குளிரான மேற்கு மலைக்கு பஸ் ஏறினாள். டிஎம்எஸ்ஓ என்ற இந்தக் கரைப்பான் மெத்தனாலைப் போல ஹைட்ரஜனை மாற்றிக்கொள்ளாது. ஆனால் லேசில் ஆவியாகாது. போட்டதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

3

இந்த இடத்தில் பேராசிரியரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். ‘அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குரூரம்…’

மனிதர் கேட்டது நியாயம். அப்படி எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

4

ஜூலை மாதம். மலை ஊரான பாஃபுசாமில் அப்படி ஒரு காந்தக் கருவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அறை வாசலில் உட்கார்ந்து குழாயை எடுத்தாள். அடிமுதல் நுனிவரை வெள்ளைக் கட்டி.

பொருள் கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். எட்டு மாதமும் போயிற்று.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் சோஃபோ வாயில் போண்டாவோடு வந்தார்.

“என்ன தங்கச்சி, யாரு செத்தா?”

“எல்லாம் திரிஞ்சுபோச்சுண்ணே. பாருங்க.”

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “எந்த ஊரு நீ?”

“டூவாலா.”

“அதானே பாத்தேன்! உங்க ஊர்ல வெண்ணெயே கட்டியா நிக்காது, இத எங்க பாத்திருக்கப்போற? இந்தச் சரக்கு இருபது டிகிரியிலயே உறைஞ்சுடும். இங்க இப்ப பதினஞ்சு. அக்குள்ல வெச்சுக்க.”

“அக்குள்லயா?”

“ஸ்வெட்டருக்குள்ளதான், பதறாத. உடைச்சா மட்டும் நான் பொறுப்பில்ல.”

உறைநிலை குப்பியோடு வந்த தாளிலேயே இருக்கிறது. ஏசி ஓடாத எங்கள் ஆய்வகங்களில் அதைப் படிக்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

பத்து நிமிடம் கையை இடுக்கிக்கொண்டு நின்றாள். எடுத்துப் பார்த்தபோது நடுவில் மீன்முள்ளளவு வெள்ளைதான் மிச்சம். பிறகு அதுவும் கரைந்து, தெளிந்த திரவம். முதலில் சிரித்தாள், பிறகுதான் அழுதாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. உங்களை அழவைக்கும் திட்டத்தை அங்கேயே கைவிட்டேன்.

5

முடிவுகள்.

(அ) கருவி மறுபடியும் பதினான்கே காட்டுகிறது. எழுத மனசு வரவில்லை.

(ஆ) குழாய் உடைகிறது. கண்ணாடி விற்கிறவன் இதை எழுதினால் கடையை மூடவேண்டியதுதான்.

(இ) காணாமல் போன இரண்டும் வந்தால் திரையின் இடது ஓரத்தில்தான் வரும். சோலாஞ் அந்த ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வலதிலிருந்து எண்ணுகிறாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. கை நகரவில்லை. பக்கவாட்டில் நிற்கும் சோஃபோவுக்கு விரல் இடுக்கு வழியாகத் தெரிகிறது. அவர் தன் போனை அவள் முன் வைக்கிறார்.

“உங்க பேராசிரியர் நம்பரைப் போடு தங்கச்சி.”

திரையிலிருந்து கையை எடுக்க அவளால் முடியாது. அந்தக் கையை நீங்கள் எடுத்துவிடுங்கள்.